பூஜைக்கு வந்த ஹார்டு டிஸ்க்

எங்கள் ஸ்டூடியோவில் கேமரா என் கணவருடையது, கம்ப்யூட்டர் என்னுடையது. அப்படி யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் ஆல்பம் வேலைக்கு ஆள் கிடைக்காமல் என்னைக் கொஞ்ச நாள் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். இன்னும் எழுந்திருக்கவில்லை. முகூர்த்த நாளில் விளக்குப் பிடிக்க அவரோடு போவேன். மற்ற நாளெல்லாம் திருத்தணி பஜாரில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே இருக்கும் அறையில் உட்கார்ந்து, ஊரார் வீட்டுக் கல்யாணங்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பேன்.

அவர் எனக்கு அத்தை மகன். எங்கள் வீடுகளில் தெலுங்கும் தமிழும் கலந்தே புழங்கும் என்பதால் சின்ன வயதிலிருந்து அவரை பாவா என்றுதான் கூப்பிடுகிறேன். நல்ல மனிதர். குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான். இலவசம் என்று எழுதிய பொத்தானைக் கண்டால் அழுத்திவிடுவார்.

அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கல்யாண வீடியோவுக்கு வருஷத்துக்கு ஒரு மோஸ்தர் வரும். மயில் தோகை விரித்தால் அதில் மணமக்கள் பெயர் தெரிய வேண்டும் என்பார்கள். அடுத்த வருஷம் மயில் போய், பூவாகக் கொட்டி எழுத்தாக மாற வேண்டும் என்பார்கள். அரக்கோணத்தில் யாரோ செய்து கொடுத்திருப்பார்கள். அதை ஃபோனில் காட்டி, "இதே மாரி வேணுங்க" என்று நிற்பார்கள். இதையெல்லாம் முறையாகக் காசு கொடுத்து வாங்கலாம். நான் சொல்லியும் பார்த்தேன்.

"யாரு வாங்கறா? மணவூர் ஸ்டூடியோக்காரன் வாங்கறானா? சத்திரத்து ஸ்டூடியோக்காரன் வாங்கறானா? நாம மட்டும் இன்னா பெரிய இவுங்களா?" என்பார் பாவா. அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். பிறகு அவர் அந்தத் தளங்களுக்குள் போவார்.

அந்தத் தளங்களைப் பார்த்திருக்கிறீர்களா? பக்கம் முழுக்கப் பச்சைப் பச்சையாகப் பெரிய பொத்தான்கள் இருக்கும். எல்லாவற்றிலும் டவுன்லோடு என்றே எழுதியிருக்கும். எதை அழுத்தினாலும் வேறொரு ஜன்னல் திறந்து ஒரு சூதாட்டம் வரும், அல்லது உங்கள் கம்ப்யூட்டரை வைரஸ் தாக்கிவிட்டது என்று சிவப்பில் ஒன்று அலறும். உண்மையான பொத்தான் எங்கேயோ கீழே, சின்னச் சாம்பல் எழுத்தில், வெட்கப்பட்டுக்கொண்டு இருக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் பாவாவுக்கு முகம் மலர்ந்துவிடும். கூட்ட ரயிலில் ஜன்னலோர சீட்டுப் பிடித்தவர் மாதிரி என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

அவர் பிடித்துக்கொண்டு வருவதையெல்லாம் சமாளிப்பது என் பாடு. ஒருமுறை பென்டிரைவில் இருந்த எல்லா ஃபோல்டரும் வெறும் ஷார்ட்கட்டாக மாறிப்போயிற்று. இன்னொரு முறை எதற்கோ 'அனுமதி' என்று தட்டிவிட்டார். அப்புறம் திரையின் மூலையில் விளம்பரம் விளம்பரமாக முளைத்து, ஆல்பம் பார்க்க வந்த கல்யாண வீட்டார் முன்னால் மானம் போயிற்று. அதற்குப் பிறகுதான் நான் சட்டம் போட ஆரம்பித்தேன்.

வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய மெஷினுக்கு மட்டும் நெட். உள்ளே எடிட்டிங் மெஷினுக்கு நெட் வயரே கிடையாது. வாசல் மெஷினிலும் பாவாவுக்குத் தனிக் கணக்கு. அதிலிருந்து எதையும் புதிதாக ஏற்ற முடியாது, அதற்கான கடவுச்சொல் என்னிடம். விளம்பரத்தைத் தடுக்கும் ஒன்றை பிரவுசரில் போட்டு வைத்தேன். அப்டேட் கேட்டால் அப்புறம் என்று தள்ளாமல் அப்போதே போட்டுவிடுவேன். டவுன்லோடு ஆனது எதுவாக இருந்தாலும் ஆன்டிவைரஸ் பார்த்த பிறகுதான் பென்டிரைவில் ஏறி உள் மெஷினுக்குப் போகலாம்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஹார்டு டிஸ்க். உள் மெஷினில் இருக்கும் எல்லாக் கல்யாணமும் அதில் இன்னொரு நகலாக இருக்கும். அது கடையில் தங்காது. வீட்டில், பீரோவில், என் கூறைப்புடவைக்கு அடியில் இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் பையில் போட்டுக் கொண்டுபோவேன். மெஷினை முழுசாக ஸ்கேன் செய்வேன். அப்புறம் சொருகி, நகலெடுத்து, கழற்றி, கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். மெஷினோடு சேர்ந்து இருந்தால் மெஷினுக்கு வருவது அதற்கும் வரும் என்பதுதான் விஷயம்.

"ஹார்டு டிஸ்க்குக்கு மடி பாக்கற ஒரே பொம்பள நீ தான்" என்று பாவா கேலி செய்வார். வருகிறவர் போகிறவரிடமும் சொல்லுவார். "அதத் தொடாதீங்க, அது மடியில கீது." நானும் சிரித்து வைப்பேன். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருப்பதும் ஒரு வேலைதான், அதற்குச் சம்பளம் கிடையாது. அத்தோடு கேலியையும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். எனக்கு அலுத்துப்போயிருந்தது என்பதை இப்போது சொல்வதில் வெட்கமில்லை.

அந்த ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் பொதட்டூர்பேட்டை நெசவுக்காரர் வீட்டுக் கல்யாணம் ஒன்று. மலையடிவாரத்து மண்டபம். வீட்டில் விசைத்தறி ஓட்டுகிற குடும்பம், ஒரே பெண். கல்யாணத்துக்கு முன்பு பெண்ணின் அம்மா ஈரத் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். பத்திரிகை கொடுத்து முடித்தாயிற்று, மண்டபம் பேசியாயிற்று. எனக்காக முகூர்த்தத்தைத் தள்ளக் கூடாது என்று அந்த அம்மாவே பிடிவாதம் பிடித்தாராம். தாலி கட்டும் வேளையில் அங்கே அவரை ஆபரேஷனுக்கு உள்ளே அழைத்துப் போயிருந்தார்கள். ஃபோனில் நேராகக் காட்டவும் வழியில்லாமல் போயிற்று.

முந்தின நாள் படுக்கையிலிருந்தே என்னைக் கூப்பிட்டுப் பேசினார்.

"ஏம்மா, வெளக்குப் புடிக்கிற பொண்ணு நீ தான? எங்க வூட்ல நம்பர் குடுத்தாங்க. நான் இங்க காலக் கட்டிகினு கெடக்கறேன். தாலி கட்றத வுடாம எடுங்கம்மா. நான் படத்துல தான் பாக்கணும்."

"எடுத்துடலாம்கா. நீங்க நல்லபடியா எழுந்து வாங்க."

"ஆங், வர்றேன். எடுத்துடு கண்ணு."

எடுத்தோம். முந்தின நாள் ரிசப்ஷனில் எடுத்த சில படங்களை மட்டும் ஸ்டேட்டஸ் வைக்க அன்றைக்கே அனுப்பினோம். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும் அந்த அம்மா மறுபடி கூப்பிட்டார். தாலி கட்டியதை மட்டும் தனியாக வெட்டி ஃபோனுக்கு அனுப்பட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார்.

"துண்டு துண்டா இன்னாத்துக்குமா? தலை தீபாவளிக்குப் பொண்ணும் மாப்பிள்ளையும் வருவாங்க. அவங்களப் பக்கத்துல வெச்சிகினு, டிவில போட்டு, முழுசா பாக்கறேன். அதுவரைக்கும் பொறுத்துக்கறேன்."

எங்கள் தொழிலில் ஆவணிக் கல்யாணங்களுக்குத் தலை தீபாவளிதான் கெடு. நடுவில் புரட்டாசி, கல்யாணம் இல்லாத மாதம். அந்த மாதத்தில்தான் மலை மாதிரி சேர்ந்த வேலையைக் கரைப்போம். வரிசைப்படி ஒவ்வொன்றாக முடித்துக் கொடுத்தேன். கடைசியாக எடுத்த இந்தக் கல்யாணம் கடைசியாக வந்தது. ரிசப்ஷன் பகுதியை முடித்துவிட்டேன். முகூர்த்தப் பகுதியை நான் திறக்கவே இல்லை. விஜயதசமி வருகிறது, அன்றைக்கு அதில் கைவைக்கலாம், நல்ல வேலையை நல்ல நாளில் தொடங்கலாம் என்றார் பாவா. அந்த அம்மாவை நினைத்து எனக்கும் அது சரியாகவே பட்டது. கேமரா கார்டுகளோ எப்போதோ அழிக்கப்பட்டு, அடுத்தடுத்து இரண்டு காதுகுத்துகளுக்குப் போய்வந்துவிட்டன. அதில் எனக்குக் கவலையில்லை. உள் மெஷினில் ஒன்று, பீரோவில் ஒன்று, பத்திரமாக இருந்தது.

நவராத்திரியில் நான் ஒரு நாள் அரக்கோணத்தில் என் அம்மா வீட்டுக்குப் போனேன். அன்றைக்குக் கடையில் நடந்ததை பாவா பின்னால் எனக்குச் சொன்னார். பொதட்டூர்பேட்டைப் பெண்ணின் சித்தப்பா வந்து ஃபோனில் ஒரு டைட்டிலைக் காட்டியிருக்கிறார். பட்டுச் சேலையில் ஜரிகை ஓடி ஓடி, மணமக்கள் பெயர் நெய்யப்படுவது மாதிரி வரும். நெசவுக்காரர் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன கிடைக்கும்? பாவா தேடியிருக்கிறார். அந்தத் தளங்களில் ஒன்றில் அது கிடைத்தும்விட்டது. ஆனால் அது வெறும் டைட்டில் இல்லை, கூடவே ஒரு சாஃப்ட்வேரையும் ஏற்றினால்தான் ஓடும். வாசல் மெஷினில் அவர் கணக்கில் எதையும் ஏற்ற முடியாது. எனக்கு ஃபோன் செய்து கடவுச்சொல் கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று அவருக்குத் தெரியும்.

நெட் வயரைப் பிடுங்கி உள் மெஷினில் சொருகிவிட்டார்.

இறங்கியது ஒரு பூட்டிய ஜிப் கோப்பு. அதைத் திறக்கும் கடவுச்சொல்லை அதே பக்கத்தில் பெரிதாக எழுதியும் வைத்திருந்தார்களாம். பூட்டையும் சாவியையும் ஒரே கையில் கொடுக்கிறவன் எதற்காகப் பூட்டுகிறான் என்று யாராவது ஒரு நிமிஷம் யோசிக்கக் கூடாதா? பூட்டியிருந்தால் ஆன்டிவைரஸால் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது, அதற்குத்தான் பூட்டு. அதற்குக் கீழே இன்னொரு வரி: ஏற்றுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடவும். இதைப் பார்த்துப் பயந்து ஓடியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் தொழிலில் எல்லாருக்கும் இந்த வரி பழகிப்போன ஒன்று. காசு கட்டாமல் சாஃப்ட்வேரைத் திறக்கும் திருட்டுச் சாவியைக் கண்டால் ஆன்டிவைரஸ் தின்றுவிடும், அதனால் அணைத்துவிட்டு ஏற்ற வேண்டும் என்பதைப் பிள்ளையார் சுழி போடுவது போல எல்லாரும் செய்கிறார்கள். பாவாவும் செய்தார். வேலை முடிந்ததும் அதை மறக்காமல் திரும்பப் போட்டு, நெட் வயரையும் பழையபடி வாசல் மெஷினுக்கே மாற்றிவிட்டாராம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நான் திரும்பி வந்ததும் டைட்டிலைக் காட்டினார். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை, அதில் தங்க நூல் இந்தப் பக்கம் ஓடி அந்தப் பக்கம் ஓடி, பெண்ணின் பெயர் எழுந்து வந்தது. பொய் சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது.

"எங்க எடுத்தீங்க?"

"அரக்கோணத்து ஃப்ரண்டு பென்டிரைவ்ல குடுத்தான். ஸ்கேன் பண்ணிட்டேன், போதுமா?"

அடுத்து ஆயுத பூஜை வந்தது. எங்கள் கடையில் அது பெரிய விசேஷம். எல்லா வயரையும் கழற்றித் துடைத்து, தரை கழுவி, மாவிலை கட்டுவோம். கேமரா, லென்ஸ், ட்ரோன், ஸ்டாண்டு, விளக்கு, பிரிண்டர், இரண்டு மெஷின், எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு, குங்குமம். பொரி கடலை, சுண்டல், வாசலில் பூசணிக்காய். நான் வீட்டில் சுண்டல் தாளித்துத் தூக்கில் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்து பார்த்தால், லென்ஸுகளுக்கு நடுவில் என் ஹார்டு டிஸ்க் உட்கார்ந்திருந்தது, நெற்றியில் பொட்டோடு.

"இத ஏன் எடுத்துகினு வந்தீங்க?"

"அதுவும் ஆயுதம் தான? வருஷம் பூரா நம்மளக் காப்பாத்துது. எல்லாத்துக்கும் பொட்டு வெச்சிட்டு அத மட்டும் பீரோல வுட்டா நல்லாவா கீது? சும்மா வெச்சிருக்கேன், சொருவல."

சும்மா வைப்பதில் கெடுதல் எதுவுமில்லை. அதுவும், அத்தனை நாள் கேலி செய்த மனிதர் அதற்குப் பொட்டு வைத்து மரியாதை செய்கிறார் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது. கற்பூரம் காட்டிக் கும்பிட்டோம். அன்றைக்கு ஆயுதங்களைத் தொடக் கூடாது, கடையைப் பூட்டிவிட்டு வந்தோம்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்தில் எல்லாக் கருவியும் ஆளுக்குக் கொஞ்சமாவது வேலை செய்ய வேண்டும் என்பது எங்கள் மாமனார் காலத்திலிருந்து கடையில் வழக்கம். கேமரா முருகன் படத்தை ஒரு கிளிக் எடுத்தது. பிரிண்டர் அதை ஒரு தாளில் அடித்தது. விளக்கு எரிந்து அணைந்தது. உள் மெஷினைப் போட்டு, ஸ்டூடியோ பெயரோடு விஜயதசமி வாழ்த்தை அதிலிருந்தே வாடிக்கையாளர்களுக்கு அனுப்பினார் பாவா. கழற்றிய வயர்களைத் திரும்பச் சொருகியபோது நெட் வயரையும் உள் மெஷினிலேயே சொருகியிருந்தார், நான் கவனிக்கவில்லை. கடைசியாக ஹார்டு டிஸ்க் மிச்சம். பூஜையில் வைத்ததை வேலை கொடுக்காமல் எடுத்துப் போகக் கூடாதல்லவா? நான் வாசலில் கோலமாவு கொட்டியதைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். அவர் சொருகினார். அந்தப் பொதட்டூர்பேட்டைக் கல்யாண ஃபோல்டரைத் திறந்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அப்படியே ஓடவிட்டுவிட்டார். தொடங்கிய வேலையை உடனே நிறுத்தக் கூடாதாம்.

அப்புறம் கடையைச் சாத்திவிட்டு இரண்டு பேரும் மலைக்குப் போனோம். நல்ல கூட்டம். தரிசனம் முடிந்து, பிரசாதம் வாங்கி, கொஞ்ச நேரம் படியோரம் உட்கார்ந்துவிட்டு இறங்கினோம். அன்றைக்கு அந்த சாஃப்ட்வேரோடு வந்து பதுங்கியிருந்தது, மறுபடி நெட் கிடைத்ததும், நாங்கள் வரிசையில் நின்ற நேரமெல்லாம் இங்கே தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

கடைக்குள் வந்ததும் நான்தான் முதலில் பார்த்தேன். ஒவ்வொரு படத்தின் இடத்திலும் வெள்ளைத் தாள் போல ஒன்று. பெயர்களுக்குப் பின்னால் அர்த்தமில்லாத எழுத்துகள் வால் மாதிரி தொங்கின. எதைத் தட்டினாலும் திறக்கவில்லை. ஃபோல்டருக்கு ஃபோல்டர் ஒரு சின்னக் குறிப்பு, மிக மரியாதையான இங்கிலீஷில். உங்கள் கோப்புகளைப் பூட்டியிருக்கிறோம், கவலைப்படாதீர்கள், பணம் அனுப்பினால் திறந்து தருகிறோம் என்று. ஹார்டு டிஸ்க்கைப் பார்த்தேன். அதன் சின்ன நீல விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. பிடுங்கினேன். பொட்டு காய்ந்து உதிர்ந்து என் கையில் ஒட்டியது.

நான் கத்தவில்லை. அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பாவா நடந்ததை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போனார், நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். எத்தனை வருஷம் எத்தனை முறை சொன்னேன் என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தபோது அதையும் கேட்கத் தோன்றவில்லை.

அரக்கோணத்தில் எங்களுக்கு வழக்கமாக மெஷின் பார்த்துக் கொடுக்கும் பாய்க்குச் சொல்லியனுப்பினோம். வந்து ஒரு பகல் முழுக்க உட்கார்ந்தார்.

"இது தட்டினா தெறக்கிற பூட்டு இல்லமா. பணம் கட்டினாலும் தெறப்பானான்னு கேரண்டி கெடயாது. கட்டாதீங்க" என்றார். பிறகு, "காப்பி ஒண்ணு வூட்ல வெச்சிருப்பீங்களே?" என்று கேட்டார்.

"பூஜைல வெச்சோம் பாய்."

அவர் ஹார்டு டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பூஜ பண்ணதுல தப்பில்லமா. சொருவுனது தான்" என்றார். கேமரா கார்டுகளையும் துருவிப் பார்த்தார். அழுகிற குழந்தையின் காது ஒன்று வந்தது, தட்டில் வைத்த வாழைப்பழம் வந்தது. கல்யாணம் வரவில்லை. மெஷினை முழுசாகத் துடைத்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

மற்ற கல்யாணங்கள் எல்லாம் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. கடையில் நகல் இல்லையே தவிர, யாருக்கும் நஷ்டமில்லை. போனது இந்த ஒன்றுதான். வேறு எதுவாக இருந்திருந்தாலும் திட்டு வாங்கிக்கொண்டு அந்த வாரமே மறந்திருப்பேன்.

பெண்ணின் சித்தப்பாவிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, கல்யாணத்துக்கு வந்தவர்கள் யார் யார் ஃபோனில் எடுத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். அவர் திட்டினார். கேட்டுக்கொண்டேன். பிறகு அவரே ஆளாளுக்குச் சொல்லி அனுப்ப வைத்தார். நகரியிலிருந்து, புத்தூரிலிருந்து, மெட்ராஸிலிருந்து என்று துணுக்குத் துணுக்காக வந்தது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். மேளம் வேகமெடுக்கிறது, எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள், அட்சதை பறக்கிறது. தாலி கட்டும் இடத்தில், ஒவ்வொரு ஃபோனிலும், எந்தப் பக்கத்திலிருந்து எடுத்திருந்தாலும், நடுவில் ஒரு கட்டம் போட்ட சட்டை முதுகு. என் பாவாவின் முதுகு. அதன் பக்கத்தில் விளக்கைத் தூக்கிப் பிடித்த என் கை.

பாவா என் பின்னால் நின்று பார்த்தார். வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டார். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த முதுகைப் பார்த்ததும் என்னவோ ஆகிவிட்டது.

இருந்ததை வைத்துக் கோத்தேன். ஃபோனில் சொல்லிவிடலாம் என்றார் பாவா. நான் ஒப்பவில்லை. தீபாவளிக்கு முன்பே, சின்னப் பென்டிரைவோடு பொதட்டூர்பேட்டைக்கு வண்டியில் போனோம். பாவா உள்ளே வரவில்லை, தெருமுனையில் வண்டியோடு நின்றுகொண்டார். பெண் முன்கூட்டியே வந்திருந்தாள். நான் போனதும் பக்கத்து அறையில் ஓடிக்கொண்டிருந்த தறியை நிறுத்தினார்கள். அந்த அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் பிடித்து நடக்கும் கம்பிச் சட்டம். முன்பின் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான் பழக்கம்.

"படம் ரெடியாம்மா? இன்னும் நாள் கீதே?"

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். கம்ப்யூட்டரில் கெட்டது ஒன்று புகுந்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டது, நகலும் போய்விட்டது, தப்பு எங்களுடையது. அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "கீறத காட்டு" என்றார். டிவியில் போட்டேன். உறவினர் முகம் ஒவ்வொன்றாக வரும்போது பெயர் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். மேளம் வேகமெடுத்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். கட்டம் போட்ட சட்டை வந்தது. அடுத்த துணுக்கிலும் வந்தது. அதற்கடுத்ததிலும்.

"இது ஆரு?"

"எங்க வூட்டுக்காருங்கக்கா."

"இந்தக் கை?"

"என்துங்க."

அவர் டிவியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "அப்ப நீ கிட்டக்கவே நின்னுகினு இருந்திருக்கற. நீ பாத்திருப்ப. சொல்லு. தாலி ஏர்றப்போ எம்பொண்ணு அழுதாளா?"

எனக்கு நினைவில்லை. நினைவில் இருந்ததெல்லாம் தூக்கிப் பிடித்த கையின் வலியும், மாப்பிள்ளையின் தலை நிழல் பெண்மேல் விழாமல் இருக்க நான் ஒரு பக்கமாகச் சாய்ந்ததும்தான். அந்த ஆவணியில் எத்தனை பெண்கள், எத்தனை தாலி. பெண் சமையலறை வாசலில் காபி டம்ளரோடு நின்றிருந்தாள். அவளைப் பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்தாள். ஆமாம் என்றோ இல்லை என்றோ அவள் முகத்தில் ஒன்றும் இல்லை.

"அழுதுச்சுங்கக்கா" என்றேன்.

அந்த அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. தலையை ஆட்டினார். கொஞ்சம் கழித்து, "ஆரு தொடச்சி வுட்டாங்க? நான் இல்லியே" என்று கேட்டார்.

"நான் தாங்கக்கா தொடச்சி வுட்டேன்."

இது பொய்யில்லை. வெளிச்சத்தில் முகம் மின்னக் கூடாது என்று, எந்தப் பெண்ணாக இருந்தாலும் நடுநடுவே நான் குனிந்து டிஷ்யூவால் ஒற்றி எடுப்பேன். வியர்வையா கண்ணீரா என்று பார்த்ததில்லை.

அவர் கட்டிலிலிருந்து எட்டி என் வலது கையைப் பிடித்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு அந்த உள்ளங்கையைத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். டிவியில் மேளம் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தது. நான் கையை எடுக்கவில்லை.